சோறு இறங்கும் வழி

அவர் சட்டையைக் கழற்றி வெளியே கொடியில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்.

ஷிப்ட் முடிந்து வண்டியை ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்கும். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. பிறகு பனியனோடு உள்ளே வந்து, "ரூத்து, கஞ்சி ஏத்திக்கினியா?" என்பார். நான் தலையை ஆட்டுவேன்.

சட்டை வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். எளாவூர் செக்போஸ்ட் பக்கத்து டிபன் கடையின் வாசனை அதில் இருக்கும். வெங்காயம் போட்ட முட்டை தோசை, சில நாள் வறுத்த மீன். அந்த வாசனை எனக்கு எட்டக்கூடாது என்றுதான் அவர் அப்படிச் செய்தார்.

எங்கள் பக்கம் இரும்பு உருக்கும் கம்பெனிகளின் புகை எந்நேரமும் இருக்கும். அந்தப் புகையையும் மீறி, ஜன்னல் வழியாக வெங்காய வாசனை வந்துவிடும். வாயெல்லாம் ஊறும். ஊறியதை விழுங்க எனக்கு வழியில்லை. பக்கத்திலேயே வைத்திருக்கும் டப்பாவில் துப்புவேன்.

நாங்கள் புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். பிள்ளைகள் இல்லை. ஒரு வருஷத்துக்குக் கிட்ட அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது என் கஞ்சிக்கு மட்டும்தான்.

ஒரே ஒரு மடக்கு

கும்மிடிப்பூண்டியில் நான் பார்த்த கம்பெனி வேலைகளைப் பற்றித்தான் இந்த வாரப் பத்திரிகைத் தொடரில் இதுவரை எழுதி வந்தேன். அந்த வேலை எப்படி நின்றது என்று சொல்ல இன்றைக்குத்தான் மனசு வந்தது.

அது ஒரு சின்ன யூனிட். இரும்புச் சாமான்களில் இருக்கும் கிரீஸைக் கழுவித் துடைத்து அட்டைப் பெட்டியில் அடுக்கும் வேலை. இப்போது அந்த யூனிட்டே நடக்கவில்லை. கேட்டில் பூட்டு துருப்பிடித்துத் தொங்குகிறது.

நல்ல வெயில் காலம். தண்ணீர் கேன் காலி. மேஜையில் ஒரு வாட்டர் பாட்டில் இருந்தது. தண்ணீர் மாதிரியேதான் இருந்தது. மூடியைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தேன்.

முதலில் சோப்புத் தண்ணீர் போல வழவழவென்று இருந்தது. அடுத்த நொடி நாக்கிலிருந்து நெஞ்சு வரைக்கும் நெருப்பு. கிரீஸ் கழுவுகிற காஸ்டிக் சோடாத் தண்ணீரை யாரோ அந்தப் பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறார்கள். யார் என்று கடைசி வரை தெரியவில்லை. கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர் தப்பியது. வாய்ப்புண் ஆறியது. இட்லியைப் பாலில் கரைத்துக் குடிக்கிற அளவுக்குத் தேறி வீட்டுக்கு வந்தேன். தெருவில் எல்லோரும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

சில வாரம் போனதும் இட்லி நெஞ்சில் நின்றது. பிறகு கஞ்சி நின்றது. ஒரு நாள் காலையில் தண்ணீர் குடித்தேன், அது அப்படியே திரும்பி மூக்கு வழியாக வந்தது.

"உணவுக்குழாய்ன்னு ஒண்ணு இருக்கு பாருங்க," என்றார் எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அம்மா. தன் கழுத்திலிருந்து நெஞ்சுக்குழி வரைக்கும் விரலால் கோடு போட்டுக் காட்டினார். "ஒரு ஜாணுக்குக் கொஞ்சம் அதிகம் நீளம் இருக்கும். உள்ள மெத்துனு இருக்கும். தீப்பட்ட தோல் ஆறும்போது சுருங்கி இழுத்துக்குமே, அதே மாதிரி அது உள்ள சுருங்கிக்கிட்டே வருது."

மெழுகுக் குச்சி மாதிரி ஒன்றை வாய் வழியே விட்டு விட்டு விரித்துப் பார்த்தார்கள். விரிந்த வழி நாலு நாளில் மறுபடி மூடிக்கொள்ளும். கடைசியில் எச்சில்கூட இறங்கவில்லை.

ஒரு மனுஷி நாள் முழுக்க எவ்வளவு எச்சில் விழுங்குகிறாள் என்று யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நானும் நினைத்ததில்லை. தூங்கும்போதும் விழுங்கிக்கொண்டேதான் இருக்கிறோம். அது நின்றதும் தலையணை நனைந்தது. ரவிக்கை நனைந்தது. கையில் டப்பா இல்லாமல் வாசலுக்குப் போக முடியவில்லை.

வயிற்றில் ஒரு வாசல்

தொப்புளுக்கு இடது பக்கம் ஓட்டை போட்டு, சிறுகுடலில் ஒரு ரப்பர் குழாய் வைத்தார்கள். கேழ்வரகுக் கஞ்சி, பருப்புத் தண்ணீர், பால், முட்டை வெள்ளை எல்லாவற்றையும் துணியில் வடிகட்டி, ஆணியில் மாட்டிய பாட்டிலில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும்.

முதல் வாரம் பொறுமையில்லாமல் வேகமாக விட்டுவிட்டேன். வயிற்றை முறுக்கிக்கொண்டு வந்தது. குப்பென்று வேர்த்து, கண் இருட்டி, பேதியானது.

டாக்டர் அம்மா திட்டினார். "இரைப்பை ஒரு குடோன் மாதிரிம்மா. வந்ததை வாங்கி வெச்சு, அமிலம் சேத்து அரைச்சு, கொஞ்சம் கொஞ்சமா கீழ அனுப்பும். நாம இப்ப குடோனைத் தாண்டி நேரா சிறுகுடல்ல இறக்குறோம். அதுக்கு எடுத்து வெக்க இடம் கிடையாது. உறிஞ்ச மட்டும்தான் தெரியும்."

அது உறிஞ்சத்தான் செய்தது. எடை ஏறியது. கை கால் வலுத்தது. ஆனால் வயிறு நிறைந்திருக்கும், வாய் பசிக்கும். அந்தப் பசியை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பல் எதையாவது கடிக்கக் கேட்கும். நாக்கு உப்புக் கேட்கும்.

எங்கள் ஊரில் ஒருவரையொருவர் பார்த்ததும் கேட்பது "சாப்டியா?" என்றுதான். வேறு குசலம் கிடையாது. என்னைப் பார்த்தால் அந்த வார்த்தை அவர்கள் வாய் வரைக்கும் வந்து நின்றுவிடும். வேறு என்ன பேசுவதென்று தெரியாமல், "வெயிலு பேஜாரா கீதுல்ல?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கொஞ்ச நாளில் எதிரே வருவதையே குறைத்துக்கொண்டார்கள்.

நாங்கள் ஆராதனைக்குப் போகும் கோயிலிலும் அதுதான். திருவிருந்து ஞாயிறன்று எல்லோரோடும் போய் முழந்தாள் போட்டேன். பாதிரி ஐயர் அப்பத்தை என் கையில் வைத்துவிட்டு, அப்போதுதான் ஞாபகம் வந்து திகைத்தார். வாயில் போட்டால் விழுங்க முடியாது. கர்த்தருடைய சரீரத்தைத் துப்பவும் முடியாது. நான் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே அழுதேன். பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த பெண் தள்ளி உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் அந்த ஞாயிறுகளில், திருவிருந்து ஆரம்பித்ததும் எழுந்து போய் வெளியே செருப்பு விடும் இடத்தில் உட்கார்ந்துகொள்வேன். உள்ளே பாட்டு கேட்கும்.

வாசனை நின்றபோது

அவர் பெயர் தேவராஜ். ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிப்ட் ஓட்டினார். பேச்சு குறைவு. நல்ல சாப்பாட்டுக்காரர். கல்யாணமான புதிதில், பழவேற்காட்டு இறாலைத் தொக்காகச் செய்து வைத்தால், சட்டியில் ஒட்டியதையும் சோறு போட்டுப் புரட்டித் தின்பார்.

ஒரு கட்டத்தில் கொடியில் தொங்கிய சட்டையில் வாசனை இல்லை. வெறும் வேர்வையும் டீசலும்தான். கடையை மாற்றியிருப்பார் என்று நினைத்தேன். பிறகு பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. கன்னம் ஒட்டியது. கேட்டால், "வேலை ஜாஸ்தி" என்பார்.

எனக்கு வேறு பயம் வந்தது. ஒன்று இவருக்கும் ஏதோ வியாதி. இல்லையென்றால் என்னைப் பார்த்துப் பார்த்து இவருக்கு வீடு வெறுத்துவிட்டது.

ஒரு சாயங்காலம் கஞ்சி ஏறிக்கொண்டிருக்கும்போதே அசந்துவிட்டேன். விழித்தபோது பாட்டில் காலி. குழாயைத் தண்ணீர் விட்டுக் கழுவி மூடிவிட்டு அவரைத் தேடினேன். பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் என் கஞ்சிப் பாத்திரம். வடிகட்டி மீந்திருந்ததை, உப்பில்லாத அந்தக் கொழகொழப்பை, ஒரு டம்ளரில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பண்றீங்க?"

அவர் டம்ளரை மறைக்கப் பார்த்தார்.

"இன்னா பண்றீங்கன்னு கேக்கறேன்."

"ஜெபத்துல சொல்ட்டேன் ரூத்து. உனுக்கு எது உள்ள போவுதோ, அது போதும் எனுக்கும்னு. நீ வாயால துன்ற வரைக்கும்."

"எத்தினி நாளா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. அப்படி ஒரு கோபம் வந்தது. டப்பாவைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன்.

"எனுக்குத் துணைக்குப் பட்டினி கெடக்கிறியா? யாரு கேட்டா? நான் இந்த ஊட்ல ஒண்டியா கீறேன், தெரியுதா? நீ சட்டைய கழட்டி வெளிய போட்டுட்டு வர. தெருவே மூஞ்சைத் திருப்பிக்குது. ஒருத்தரும் என் எதிர்ல ஒரு வாய் துன்றது இல்ல. நான் இன்னா பேயா?"

அவரை நான் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். எவ்வளவு இளைத்துவிட்டார் என்று அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன்.

இறால் தொக்கு

மறுநாள் அவருக்கு லீவு. பஜாருக்குப் போய் இறால் வாங்கி வரச் சொன்னேன். மாட்டேன் என்றார். நானே டப்பாவை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன். அவர் முன்னால் ஓடினார்.

நான் தோலுரித்தேன், நரம்பு எடுத்தேன். எண்ணெய் காய்ந்து சோம்பு பொரிந்ததும் வாயில் ஊறியதை டப்பாவில் துப்பினேன். உப்பு பார்க்க முடியாது என்று ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு ஞாபகம் வந்தது. 'வாய்ல போட்டு மெல்லலாம், ருசி பாக்கலாம், துப்பிடணும். அவ்ளோதான்' என்று டாக்டர் அம்மா எப்போதோ சொல்லியிருந்தார். மென்று துப்புவது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியதால் நான் அதுவரை முயலவில்லை.

தட்டில் சோறு போட்டு, தொக்கை வைத்து, அவரை எதிரே உட்காரச் சொன்னேன்.

"துன்னுங்க."

அவர் பிசைந்தார். வாய் வரைக்கும் கொண்டுபோனார். இறக்கினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"முடியாது ரூத்து."

"எனுக்குத்தான் முடியாது. உங்களுக்கு இன்னா? துன்னுங்க, நான் பாக்கணும்."

தின்றார். நான் ஒவ்வொரு வாயாகப் பார்த்தேன். மெல்வதை, தொண்டை மேலே ஏறி இறங்குவதை. அப்புறம் நானும் ஒரு இறாலை எடுத்து வாயில் போட்டேன். எத்தனையோ மாதம் கழித்துப் பல்லுக்கு வேலை. காரம், புளிப்பு, இறாலின் இனிப்பு. மென்று மென்று சக்கையானதும் கிண்ணத்தில் துப்பினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அந்த நேரத்தில் என் வயிறு கத்தியது. சாதாரணமாக இல்லை. குடத்தைத் தரையில் உருட்டின மாதிரி ஒரு சத்தம். வழி அடைத்திருக்கும் சேதி வயிற்றுக்குத் தெரியாது. வாயில் ருசி பட்டதும், சோறு வரப்போகிறது என்று அது எழுந்து தயாராகிவிட்டது.

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரிப்பில் அவருக்குப் புரையேற, நான் தலையில் தட்டினேன்.

அன்றிலிருந்து சட்டை உள்ளேதான் தொங்கியது.

கீழே இருந்தது மேலே

அப்புறம் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். டாக்டர் அம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். பெருங்குடலில் ஒரு துண்டை அதன் ரத்தக்குழாய் அறாமல் எடுத்து, மேலே கொண்டுவந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் வைத்து, மேல் முனையைக் கழுத்திலும் கீழ் முனையை இரைப்பையிலும் தைப்பார்கள். அதுதான் இனி என் உணவுக்குழாய்.

இவர் மெதுவாகக் கேட்டார்.

"டாக்டர், தப்பா நெனைக்காதீங்க. வெளிக்குப் போற கொழாயிலயா சோறு போவும்?"

டாக்டர் அம்மா சிரித்துவிட்டார். "நல்லா சுத்தம் பண்ணித்தாங்க வெப்போம். அதுவும் அவங்க உடம்புதானே?"

ஆபரேஷன் ஒரு பகல் முழுக்க நடந்தது. பொம்பளை வார்டில் ஆம்பளைகளைப் பார்வை நேரத்துக்கு மட்டும்தான் விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் அவர் வராந்தாவுக்கு வெளியே மரத்தடியில் கிடந்தார்.

குடலைக் கையால் தொட்டு எடுத்து வைத்தால் அது கோபித்துக்கொண்ட மாதிரி அசையாமல் கிடக்குமாம். அது மறுபடி எழுந்து வேலையைத் தொடங்கினால்தான் எதையும் கொடுப்பார்கள். தினமும் காலையில் டாக்டர் என் வயிற்றில் குழலை வைத்துக் கேட்பார். இல்லையென்று தலையை ஆட்டிவிட்டுப் போவார். நர்ஸ்கள் வந்து, "காத்து பிரிஞ்சுதா?" என்பார்கள். இல்லை என்பேன். பக்கத்துப் படுக்கைக்காரிகள்கூட என்னைப் பார்த்து, "இன்னாக்கா, ஆச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வெட்கமும் போய்விட்டது. ராஜா வீட்டுப் பிரசவத்துக்குக் காத்திருக்கிற மாதிரி வார்டே அதற்காகக் காத்திருந்தது.

பார்வை நேரத்தில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அது நடந்தது. நான் அவர் காதில் சொன்னேன். அவர் கையை விட்டுவிட்டு வராந்தாவில் ஓடினார்.

"சிஸ்டர், போயிட்சி! சிஸ்டர், போயிட்சி!"

நர்ஸ் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தாள். நான் கண்ணைத் திறந்து படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"யோவ், இன்னாய்யா போச்சு?"

"காத்து சிஸ்டர்!"

வார்டு முழுக்கச் சிரித்தது. தையல் வலித்தும் நான் சிரித்தேன்.

படம் எடுத்து, தையல் கசியவில்லை என்று உறுதியான பிறகு ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன். பழைய மாதிரி மடக்கென்று போகவில்லை. இந்தக் குழாய்க்குப் பிடித்துத் தள்ளும் பழக்கம் இல்லை. தன் பாரத்தில் தானாகத்தான் இறங்கும். நெஞ்செலும்புக்குப் பின்னால் ஜில்லென்று ஒரு கோடு மெதுவாக, நின்று நின்று கீழே போனது. என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்த அவர், வெறும் வாயில் எச்சில் விழுங்கினார்.

கடைசியில் எழுகிறவள்

அதற்கப்புறம் நான் சாப்பிடுகிறேன். எல்லாமே சாப்பிடுகிறேன். ஆனால் கூழாகும் வரை மெல்ல வேண்டும், நிமிர்ந்து உட்கார வேண்டும், ஒரு வாய் இறங்கும் வரைக்கும் அடுத்த வாய்க்குப் பொறுத்திருக்க வேண்டும். ஒரு தட்டுச் சோறு முடிய ஒரு மணி நேரம் ஆகும். தின்றவுடன் படுக்கக்கூடாது. படுத்தால் எல்லாம் தொண்டைக்கு வரும்.

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைகளெல்லாம் மூடியிருக்கும். அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். எனக்குப் பாதி இலை மிச்சமிருக்கும். அவர் தன் இலையை மூடாமல், எழாமல், கை காயக் காய என்னோடு உட்கார்ந்திருப்பார். வீட்டிலும் அப்படித்தான். பேசவே மாட்டார். உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

சில வருஷம் கழித்து, வண்டியை விட்டுவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்த காலத்தில், ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த அன்று, பக்கத்துத் தெருவிலிருக்கும் அவர் தங்கை கிரேஸ் சமைத்துக்கொண்டு வந்தாள். வந்தவர்கள் தின்று எழுந்தார்கள். கிரேஸ் தட்டுகளை எடுத்தாள், பாயைச் சுருட்டினாள், என்னைச் சுற்றிப் பெருக்கினாள். "அண்ணி, இன்னும் முடிக்கலியா? வேணான்னா வெச்சுடுங்க" என்றாள். நல்ல மனசுக்காரிதான். நான் துக்கத்தில் சாப்பிடாமல் இருக்கிறேன் என்று நினைத்தாள். தட்டை வைத்துவிட்டேன்.

அதிலிருந்து அப்படியே பழகிவிட்டது. நாலு வாய் தின்பேன். எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார என்னால் முடியவில்லை. வைத்துவிடுவேன்.

திரையில் தெரிந்தது

போன வருஷம் செக்கப்புக்குப் போனபோது எடை ரொம்பக் குறைந்திருந்தது. டாக்டர் அம்மாவுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. அவருக்குக் கவலை. குழாய் மறுபடி சுருங்கியிருக்கலாம், வேறு ஏதாவதும் இருக்கலாம் என்று கேமரா விட்டுப் பார்த்தார். தொண்டைக்கு மரத்துப்போகிற மருந்து அடித்ததால் நானும் விழித்திருந்து திரையைப் பார்த்தேன்.

இளஞ்சிவப்பாக, ஈரமாக, வளைந்து வளைந்து போனது. ஒரு அடைப்பும் இல்லை.

"வழி நல்லா திறந்திருக்கு. இதுல ஒண்ணுமே இல்லைம்மா," என்றார் குழாயை எடுத்துவிட்டு. கையுறையைக் கழற்றினார். "வீட்ல யார் இருக்கா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தொண்டை மரத்திருந்ததால்தான் என்று அவர் நினைக்கட்டும் என்று இருந்தேன். அவர் அப்படி நினைக்கவில்லை.

மருந்தின் மரப்பு போன பிறகு மத்தியானம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். டிபன் டப்பாவைத் திறந்தார். தயிர் சாதம். பாதியை மூடியில் எடுத்து வைத்துக்கொண்டு, டப்பாவை என் பக்கம் தள்ளினார். "எனக்கும் தனியா சாப்பிட்டு அலுத்துப்போச்சு" என்றார். இரண்டு வாய்தான் தின்றிருப்பார். போன் அடித்தது. யாரையோ அவசரமாகத் தியேட்டருக்குக் கொண்டு போகிறார்கள்.

"மெதுவா சாப்பிடுங்க. டப்பாவை சிஸ்டர்கிட்ட குடுத்துடுங்க," என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு ஓடினார்.

நான் அந்த அறையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வாயும் இறங்கும் வரை உட்கார்ந்திருந்தேன். அவர் மூடியில் விட்டுப் போனதையும் தின்றேன். கழுவித் துடைத்து நர்ஸிடம் கொடுத்துவிட்டு, கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்தேன்.

சாப்பிடும்போது கொஞ்ச நேரம் என் எதிரே உட்கார் என்று கிரேஸிடம் கேட்க வேண்டுமென வண்டியில் நினைத்துக்கொண்டே வந்தேன். அதற்கப்புறம் பல தடவை அவள் வீட்டு வாசல் வரைக்கும் போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு எதையோ கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். பெரிய மனுஷி நான், இதையெல்லாம் எப்படி வாய்விட்டுக் கேட்பது?

கிரேஸ் இந்தப் பத்திரிகையை வாரா வாரம் வாங்குகிறாள். என் பக்கத்தைத்தான் முதலில் படிப்பதாகச் சொல்வாள். இதையும் படிப்பாள்.